கிட்டங்கியில் வாசித்த ஆறாவது ஆள்

1. நிறுத்தியும் நிற்காத சத்தம்

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘பாண்ட் வாசித்தவர்’ என்று சொல்லிவிடுகிறீர்கள். அது பாதிதான் சரி. தேவாலயத் திருநாள், கல்யாணம், செத்தவீடு என்று ஹோர்ன் ஊதித்தான் உங்களை வளர்த்தேன். ஆனால் நான் வேலை பழகியது ரெஜினா மிஸ்ஸின் விண்ட் குயின்டெட்டில்.

விண்ட் குயின்டெட் என்றால் ஐந்து பேர் ஊதுவது. புளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹோர்ன். ரெஜினா மிஸ் திருகோணமலையில் பிறந்து, வெளிநாட்டில் ஹார்ப் படித்து, அங்கே பெரிய ஓர்கெஸ்ட்ராக்களில் வாசித்து, இசை எழுதிப் பெயர் எடுத்தவர். ஹார்ப் என்பது ஆளுயர யாழ் போல ஒன்று. வயது போன பிறகு அந்த ஹார்ப்போடு ஊருக்குத் திரும்பிவிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு முதலாளி வெறுமனே பூட்டி வைத்திருந்த சரக்குக் கிட்டங்கிதான் எங்களுக்குப் பயிற்சி இடம். தடித்த கல்சுவர், உயரத்தில் சின்ன யன்னல்கள்.

முதல் நாள் ஐந்து பேரும் ஒரு கோர்ட், அதாவது பல சுரம் சேர்ந்த ஒரே ஒலி, ஊதினோம். மிஸ் நிறுத்தச் சொல்லிக் கையை வீசினார். நிறுத்தினோம். சத்தம் நிற்கவில்லை. மூலையில் இருந்து மெல்லிய குரலில் அதே கோர்ட் வந்துகொண்டிருந்தது. அங்கே ஹார்ப் மட்டும் நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பசூன் ஊதுகிற நசீர் கிண்ணியாக்காரன். பயந்தால் பகிடி விடுவான்.

“குயின்டெட் எண்டா அஞ்சு பேர்தானே மச்சான்? அங்க ஆறாவதா நிக்கிறது ஆரு?”

மிஸ் சிரித்தார். “பயப்பிடாதேங்கோ. நீங்கள் ஊதுற சுரம் எந்த நரம்புக்குச் சொந்தமோ, அந்த நரம்பு தானா அதிரும். ஊதாத சுரத்துக்கு அது அசையாது.”

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அன்று அதை நம்பித்தான் வீட்டுக்குப் போனேன்.

2. வலது கை

பிறகு மிஸ்ஸுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. ஹார்ப்புக்கு இரண்டு கையும் வேண்டும். இனி முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அவர் இடது கையால் கோணல் கோணலாக ஒரு புது உருப்படி எழுதிக்கொண்டு வந்தார். நடுவில் ஹார்ப். அதை ஒருவரும் தொடக்கூடாது. நாங்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றி இருந்து ஊத ஊத, அது தானாக அதிர வேண்டும்.

கச்சேரிக்காகக் கனடாவிலிருந்து அவருடைய தமக்கை பிலோமினா வந்திருந்தார். என்னை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார்.

“தம்பி அந்தோனி, இவளுக்கு மூளையிலயும் பிழை. மத்தியானத்தில இதுக்குள்ள தனிய இருக்கிறாள். என்னெண்டு கேட்டால், ஹார்ப் வாசிக்குதாம். நீங்கள் ஒருத்தரும் ஊதாத நேரத்திலயும் வாசிக்குதாம். கச்சேரி முடிய அதை ஆருக்கும் குடுத்திட்டு இவளைக் கூட்டிக்கொண்டு போகப்போறன். அங்கதான் டொக்டர்மாருக்குக் காட்ட வேணும்.”

மிஸ் கதவடியில் நின்றதை நாங்கள் காணவில்லை.

“அந்தோனி, நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையோ?” என்றார்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இல்லை மிஸ்.”

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு பயிற்சியில் அவர் ஹார்ப்பின் பக்கம் பார்ப்பதே குறைந்துவிட்டது. ஹார்ப் போனால் இந்த மனுசி இருக்க மாட்டா என்று நசீர் சொன்னான். அதை அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

3. கச்சேரி

கச்சான் காற்று அடிக்கிற காலம். மண் பறக்கிறது என்று கதவு, யன்னல் எல்லாம் அடைத்துத்தான் கச்சேரி. வெக்கை. பின்னேர வெளிச்சம் இடுக்குகளால் மட்டும் வந்தது. மிஸ் ஹார்ப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

ஹோர்னில் சத்தம் வெளிவருகிற வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். ஆகவே நான் ஹார்ப்புக்கு முதுகு காட்டி இருந்தேன். எனக்கு நேரே, ஹார்ப்பைப் பார்த்தபடி, நசீர்.

கடைசிச் சுரத்தை ஊதி நிறுத்தினோம். முதுகுக்குப் பின்னால் நரம்புகள் முனகி, முனகித் தேய்ந்தன. அந்த அதிர்வு அடங்கும்வரை வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்கக்கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. ஏனென்றால் சனம் எங்கள் வாத்தியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இறக்கினால் கைதட்டிவிடும்.

அடங்கிவிட்டது. நான் உதட்டை எடுக்கப் போனேன்.

அப்போது பின்னால் ஒரு சுரம் கேட்டது. அடித்தொண்டைச் சுரம். எங்கள் ஐந்து பேரில் ஒருவருடைய தாளிலும் அது இல்லை.

நசீரின் கண் என் தோளுக்கு மேலால் போய் அப்படியே நின்றது. அவனுடைய பசூன் மெல்ல இறங்கத் தொடங்கியது. நான் தலையை மட்டும் ஆட்டினேன், இறக்காதே என்று. பிடித்துக்கொண்டான். மற்ற மூவரும் எங்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு சுரம். பிறகு இன்னொன்று. இருட்டில் படி தேடுகிற கால் மாதிரி, தடவித் தடவி மேலே ஏறியது. காற்று என்று சொல்வீர்கள். முன்னால் இருந்த என்னுடைய தாள் ஓரம்கூட அசையவில்லை. மிஸ் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார் என்று நசீர் பிறகு சத்தியம் பண்ணினான்.

மேலே ஒரு சுரத்தில் வந்து அது நின்றது.

முன்வரிசையில் பிலோமினா எழுந்தார். குரல் நடுங்கியது.

“ரெஜினா... இப்ப வாசிச்சது ஆர்?”

“அதைத்தானே அக்கா நானும் கேட்டுக்கொண்டு இருக்கிறன்” என்றார் மிஸ். அவருடைய குரல் நடுங்கவில்லை.

நசீர் குழாயின் ஓரத்தால் கிசுகிசுத்தான். “மச்சான், இப்பயாவது இறக்கலாமா?”

பிலோமினா தனியாகத்தான் கனடாவுக்குத் திரும்பினார். ஹார்ப் இங்கேயே இருக்கிறது. மிஸ் பிறகு எழுதிய உருப்படிகளில் எங்கள் ஐந்து வரிக்குக் கீழே ஆறாவதாக ஒரு வரியை வெறுமையாக விட்டுவிடுவார். அது எதற்கு என்று நாங்கள் கேட்பதில்லை.

அது பேய் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. வேலையில் கற்றதை மட்டும் சொல்கிறேன். உங்கள் பங்கு முடிந்தவுடன் வாத்தியத்தை இறக்க அவசரப்படாதீர்கள். நீங்கள் இறக்கினால் சனம் கைதட்டும். கைதட்டினால் அதற்குப் பிறகு வருவது ஒருவருக்கும் கேட்காது. அன்று நாங்கள் ஒரு மூச்சு முந்தி இறக்கியிருந்தால், ரெஜினா மிஸ்ஸைப் பைத்தியம் என்று சொல்லி நாங்களே விமானம் ஏற்றியிருப்போம்.