குனிந்து எடுத்த படம்

மாமிக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கோழியிடம் சொல்லுவார். என் மனைவி வீட்டில் இருந்தால் அவளிடம் சொல்லுவார். மகள் பள்ளிக்கூடத்துக்கும் அவள் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கவும் போய்விட்டால், முற்றத்தில் மேய்கிற சிவப்புப் பேட்டுக்கோழிதான் தூது.

"கோழி, மழை இருட்டுது. கொடியில கிடக்கிற சாரனை எடுக்கச் சொல்லு."

நான் அந்த முற்றத்தில்தான் நிற்பேன். மாமி குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பார். "எடுக்கிறாராம் எண்டு சொல்லு கோழி" என்று நானும் சொல்லிவிட்டுச் சாரனை எடுப்பேன். கோழி தன்பாட்டில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

மருமகனுக்கு முன்னால் மாமி நேருக்கு நேர் நிற்பதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். ஒரே வளவு, ஒரே குசினிச் சோறு. அதனால்தான் இப்படி ஒரு மரியாதையை நடுவில் வைத்தார்களோ என்னவோ. இப்போது யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? என் கூட்டாளி ஒருவன் தன் மாமியை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறான், வழியெல்லாம் இரண்டு பேரும் சண்டை. எனக்கு வாய்த்தவர் மட்டும் வழக்கத்தை விடவில்லை. கிரானில் இருந்து ஆரையம்பதிக்கு மாப்பிள்ளையாக வந்த நாள் முதல் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமியின் முந்தானை, மாமியின் குரல், சோற்றுக்கு மாமி வைக்கிற மீன் ஆணம். மூன்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகம்தான் சரியாகத் தெரியாது. எதிரே ஓடுகிற பஸ்ஸில் இருக்கிற ஆள் தெரிகிற மாதிரி, அவ்வளவுதான்.

என் தொழில் கலியாண வீட்டுக்கும் பெண் பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் படம் எடுப்பது. வருடக்கணக்காக எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரித் திருப்பி நிறுத்தி, ஒரே மாதிரி முகத்தைத் தாங்கி நாடியில் கை வைக்கச் சொல்லி எடுத்து எடுத்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. அந்த அலுப்பில்தான், தலையில் நரை விழத் தொடங்கிய வயதில், நகரத்தில் ஒரு கல்லூரியில் புகைப்படக் கலை டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். வார இறுதியில் வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாம் பொடியன்களும் பெட்டைகளும். என்னை "அண்ணன்" என்றார்கள். படிப்பித்த மிஸ்ஸுக்கும் என்னை விட வயது குறைவு. எனக்கென்ன, கெமரா பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தானே என்ற கெப்பரில் போய் இருந்தேன்.

முதல் மாதமே அந்தத் தலைக்கனம் இறங்கியது. வாவிக் கரையில் படம் எடுத்து வரச் சொன்னார் மிஸ். எல்லோருடைய படங்களையும் மேசையில் பரப்பிவிட்டு, "பேரைப் பாக்காம அவரவர் படத்தை எடுங்க பாப்பம்" என்றார். பாலம், வலை வீசுகிற மனிதர், தண்ணீரில் விழுகிற பின்னேரச் சூரியன். திரும்பவும் பாலம், வலை, சூரியன். நான் நிதானமாகப் பார்த்து ஒன்றைத் தூக்கினேன். அது எனக்குப் பின்னால் இருந்த பெட்டையின் படம். அவள் என்னுடையதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இண்டையிலிருந்து பாலம், வலை, சூரியன் மூண்டுக்கும் தடை" என்றார் மிஸ். கோபம் கோபமாக வந்தது எனக்கு. வாவிக்கரையில் இருந்துகொண்டு வாவியை எடுக்காதே என்றால் என்னத்தை எடுக்கிறது? அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதும் முணுமுணுத்துக்கொண்டே தின்றேன். "கோழி, சோத்தில கோபத்தைக் காட்ட வேணாமெண்டு சொல்லு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆனால் படம் கழுவுகிற இருட்டறைக்குள் போனதும் என் முணுமுணுப்பு நின்றது. கல்லூரியின் பழைய சாமான் அறைதான் அது. யன்னலுக்குக் கறுப்புப் பொலித்தீன், உள்ளே ஒரு சிவப்பு பல்ப். டிஜிட்டலில் எத்தனையோ ஆயிரம் படம் எடுத்த எனக்கு, மருந்துத் தண்ணீருக்குள் கிடக்கிற வெள்ளைக் கடதாசியில் முதல் முதலாக ஒரு புளியமரம் கறுத்து வந்தபோது மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். எங்கள் வெக்கைக்கு அந்த மருந்து தாங்காது. சூடானால் படம் கருகிவிடும். அதனால் மீன் சந்தையில் பெட்டிக்குப் போடுகிற ஐஸை வாங்கி வந்து தட்டத்தைச் சுற்றி அடுக்குவோம். அறை முழுக்க மீன் மணக்கும். பொடியன்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அது வீட்டு மணம். ஐஸ் வாங்குவது, மருந்து கரைப்பது, கடதாசி காயப் போடுவது எல்லாவற்றையும் நானே கேட்டு வாங்கிச் செய்தேன். அந்த ஆர்வத்தைப் பார்த்துத்தான் மிஸ் ஒருநாள் சொன்னார்.

"அண்ணன், அடுத்த வருசம் இருட்டறையைப் பாத்துக்கொள்ள ஒரு ஆள் எடுக்கப் போறம். டிப்ளோமா முடிச்சிட்டீங்கண்டா அது உங்களுக்குத்தான்."

வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. கலியாண வீடுகளில் பிரியாணிக்கு வரிசையில் நிற்பதிலிருந்து விடுதலை என்று மனைவிக்குச் சொன்னேன். உண்மையில் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நாள் முழுக்க நிற்கலாமே என்ற சந்தோசம்தான்.

இனி டிப்ளோமாவின் கடைசிப் பயிற்சி. கல்லூரிக் கண்காட்சியில் தொங்க விட ஒரே ஒரு முகப்படம். பிலிமில் எடுக்க வேண்டும். ஆள் லென்ஸைப் பார்க்க வேண்டும். "உங்கட வீட்டில நீங்க ஆகக் குறைவாப் பாத்த முகம் எதுவோ, அதை எடுங்க. அது இல்லாட்டி டிப்ளோமா இல்ல" என்றார் மிஸ். மற்றவர்கள் யோசித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

மாமியை விட்டுவிட்டு வேறு வழி தேடிப் பார்த்தேன். மாமனாரை என் டிஜிட்டலில் மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு போனேன். நெஞ்சை நிமிர்த்தி, சேட்டு பொத்தானெல்லாம் பூட்டி, நல்ல படம். மிஸ் ஒரு நிமிடம் பார்த்தார். "இவரோட நீங்க தினமும் காட்ஸ் விளையாடுறீங்கண்டு நீங்கதானே சொன்ன" என்று திருப்பித் தந்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மனைவியைத் தூது விட்டேன். மாமி அசையவில்லை. "படம் எடுக்கிறதுக்கு நான் என்ன கலியாணப் பொம்புளையா? மருமகனுக்கு நேர நிண்டு முகத்தைக் காட்டவோ? ஏலாது" என்று சொல்லிவிட்டார். பேசிப் பேசிக் கடைசியில் முதுகைக் காட்டி நிற்கச் சம்மதித்தார். முதுகை மிஸ்ஸிடம் கொண்டுபோக எனக்கு மனமில்லை. மாமியை வற்புறுத்தவும் மனமில்லை. என் தேவைக்காக ஒரு மனிசி தன் மரியாதையை விட வேண்டுமா? வேலை போனால் போகட்டும் என்று வாயால் சொன்னேன். மனம் அந்தச் சிவப்பு பல்பிலேயே நின்றது.

அந்தக் கிழமைதான் கல்லூரியின் பிலிம் கெமராவை வீட்டுக்குக் கொண்டுபோக என் முறை வந்தது. அது பழைய காலத்துப் பெட்டிக் கெமரா. முன்னால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் பிலிமுக்கு. கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே இருக்கிற கண்ணாடியைப் பார்க்க வேண்டும். முன்னால் இருப்பதெல்லாம் அதில் இடம் வலம் மாறி விழும். நான் முற்றத்தில் நின்று கோழியை வைத்துப் பழகினேன். வலப்பக்கம் ஓடுகிற கோழி கண்ணாடிக்குள் இடப்பக்கம் ஓடியது. அதைப் பிடிக்கப் போய்த் தண்ணீர் நிரப்பி வைத்த பரலில் இடித்துக்கொண்டேன்.

குசினிக் கதவுக்குப் பின்னால் ஒரு அசைவு. "கோழி, இதென்ன கெமரா? மத்த ஆக்கள் நெத்திக்கு நேரயெல்லோ வச்சுப் பாக்கிற. இவர் ஏன் சாமி கும்பிடுற மாதிரிக் குனிஞ்சு நிக்கிறார்?"

"இது குனிஞ்சு பாக்கிற கெமரா எண்டு சொல்லு கோழி."

முந்தானை கதவுக்குப் பின்னாலிருந்து உள்ளே போனது. இரவுச் சோற்றுக்கு மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து இருந்தாள். "அம்மா நிப்பாவாம். அந்தப் பெட்டியெண்டா மட்டும்."

நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். பிறகு யாரும் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக்கூடாது. "அதுக்குள்ள கண்ணாடி இரிக்கி, அதில முகம் தெரியும் எண்டு சொன்னீங்களா?" என்றேன். அவள் திரும்பிக் குசினியைப் பார்த்துச் சொன்னாள். உள்ளேயிருந்து மாமியின் தீர்ப்பு வந்தது.

"கண்ணாடியில விழுறது நிழல்தானே புள்ள. கிணத்துத் தண்ணியில எண்ட நிழல் விழுந்து, அதை மருமகன் பாத்தாக் குத்தமா? அவர் தலையைக் குனிஞ்சு நிண்டாச் சரி."

அடுத்த நாள் காலை. குசினிக் கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. வாவிப் பக்கமிருந்து வந்த வெயில் வாசற்படி வரைக்கும் விழுந்திருந்தது. மாமி உடுப்புப் பெட்டிக்குள் வைத்திருந்த நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு படியில் வந்து நின்றார். நான் மண்ணைப் பார்த்தபடியே போய்த் தலையைக் குனிந்து மூடியைத் திறந்தேன்.

மாமி கண்ணாடிக்குள் நின்றார். என் மனைவியின் நெற்றி. என் மகளுக்குக் கோபம் வந்தால் முன்னுக்குத் தள்ளுகிற அதே நாடி. நரைத்த புருவம், அதில் பழைய காயம் ஒன்று. நான் நினைத்துவைத்திருந்ததெல்லாம் கண்டிப்பான ஒரு முகம். அது இது இல்லை. இந்த மனிசியின் கண் சிரித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் கதவுக்குப் பின்னால் கோழியைக் கூப்பிட்டது இந்தச் சிரிப்போடுதானா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியில் முகம் மங்கியது.

மனைவி நடுவில் நின்று என் சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "அம்மா, வெயில் பக்கம் கொஞ்சம் கிறுகட்டாம்." இடம் வலம் மாறியதில் நான் சொன்னதெல்லாம் பிழை. மாமி இந்தப் பக்கம் திரும்ப, நான் அந்தப் பக்கம் நகர, பாதி ரோல் முடிவதற்குள் மனைவிக்குப் பாடசாலைக்கு நேரமாகிவிட்டது. "மிச்சத்தைக் கோழியோட பாத்துக்கொள்ளுங்க" என்று சைக்கிளை எடுத்துவிட்டாள். அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். "கோழி, லென்ஸைப் பாக்கச் சொல்லு" என்றேன். மாமி பார்த்தார். அழுத்தினேன்.

அந்தப் படத்தை இருட்டறையில் நானே கழுவினேன். ஐஸ் அடுக்கிய தட்டத்துக்குள் முதலில் புருவம் வந்தது, பிறகு கண். பக்கத்தில் நின்ற மிஸ் தட்டத்தின் மேல் குனிந்தார். "நீங்க கலியாண வீட்டில எடுத்த ஆயிரம் பேரையும் இப்படி ஒருக்காப் பாத்திருந்தா" என்று தொடங்கி அதோடு விட்டுவிட்டார். டிப்ளோமா கிடைத்தது. வேலையும் கிடைத்தது.

கண்காட்சிக்கு மாமியும் வந்தாராம். நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து மனைவியோடு உள்ளே போயிருக்கிறார். தன் முகத்துக்கு முன்னால் நின்று மிஸ்ஸிடம் கேட்டாராம், "இதை எடுத்தவர் குனிஞ்சுதானே நிண்டவர்?"

"ஓம் அம்மா. குனிஞ்சாத்தானே அதுக்குள்ள முகம் வடிவாத் தெரியும்" என்றாராம் மிஸ். நல்ல மிஸ்.

வீட்டில் அதற்குப் பிறகு கோழிக்கும் பேச்சு இல்லை. ஒரு கிழமையாக மாமியின் குரலே இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நிழல் என்று நம்பி நின்ற மனிசி, இப்போது என்ன நினைக்கிறாரோ?

கண்காட்சிக்குப் பிறகு திரும்பவும் நான் வாங்கி வந்திருந்த கெமராவைத் திருப்பிக் கொடுக்கும் நாள் காலை, அதைத் துடைத்து முற்றத்தில் உட்காருகிற வாங்கில் வைத்திருந்தேன். உள்ளே புதிதாகப் போட்ட ரோலில் இன்னும் ஒரு படம் மிச்சம். மனைவி போய்விட்டாள். மாமனார் கடைக்கு. நான் துணியை உதறப் போய்த் திரும்பினால், மாமி குசினியிலிருந்து வெளியே வந்து வாங்குக்குப் பின்னால் நிற்கிறார். தலை குனிந்திருக்கிறது. மூடி திறந்திருக்கிறது. லென்ஸ் என்னைப் பார்த்திருக்கிறது.

நான் அசையவில்லை. மாமி நெடுநேரம் உள்ளே பார்த்தார். "எல்லாம் துலாம்பரமா, அப்பிடியே முகம் தெரியுதே" என்றார், யாருக்கும் இல்லாமல். நான் பார்த்தது நிழலை இல்லை, முகத்தையே என்று கண்டுவிட்டார், இனி அந்தக் கதவு என்றைக்கும் திறக்காது என்று நினைத்தேன்.

கோழி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. மாமி அதைப் பார்க்கவில்லை.

"மருமகன், கொஞ்சம் கிறுகி நில்லுங்க. வெயில் முகத்தில விழட்டும்."

நான் பிழையான பக்கம் கிறுகினேன். மாமி வாய்விட்டுச் சிரித்தார். எதை அழுத்துவது என்று சொன்னேன், அழுத்தினார்.

அந்தப் படம் இப்போது வீட்டுச் சுவரில் மாமியின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கொஞ்சம் ஆடியிருக்கிறது. அழுத்தும்போது எடுத்தவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.