செவலை தோண்டிய வாழைக்குழி

“...அது தோண்டுன குழிக்குள்ளயே மூஞ்சிய அமுக்கி ரெண்டு போடு போடுங்க மதினி, அப்பத்தான் அடங்கும்” என்றார் பக்கத்து வீட்டில் இருக்கும் என் கொழுந்தனார். சின்னமனூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் புதிதாக நட்ட வாழைக்கன்றுகளை எங்கள் நாய் செவலை விடாமல் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அடிக்க மனம் வரவில்லை. “ஏலே, தோண்டாத!” என்று அதட்டுவேன். காதை மடக்கிக்கொண்டு போகும். நான் அடுப்படிக்குத் திரும்பியதும் மறுபடி அங்கேதான் நிற்கும்.

ஒரு நாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தது. கொழுந்தனார்தான் அள்ளித் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

“வாழைக்கு என்ன உரம் வச்சீக?” என்றார் கால்நடை டாக்டர்.

“ஆமணக்குப் புண்ணாக்கு சார்.”

“அந்த வாசனைக்குத்தான் தோண்டித் தின்னுருக்கு. நாய்க்கு அது விஷம்மா. பொழைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது.”

புண்ணாக்கு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தவர் கொழுந்தனார். அள்ளிப் போட்டவள் நான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு, ஒருவழியாகச் செவலை பிழைத்தது. இப்போது முற்றத்துக்கு மக்கிய சாணம்தான். முருங்கை நிழலில் ஈரமணல் குவித்து வைத்திருக்கிறேன். வேறெங்காவது தோண்டினால் அங்கே கூட்டிப் போவேன். மணலில் தோண்டினால் பிஸ்கட் உண்டு. உங்கள் வீட்டு நாய் தோண்டினால், அடிக்கும் முன் மண்ணுக்குள் என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கொழுந்தனார் நேரே முற்றத்துக்குப் போனார். வாழைத் தூரில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் புண்ணாக்கைத் தோண்டித் தோண்டி வெளியே எடுத்தார்.