குடிபூராத வீடு

தொண்ணூற்றாறு கார்த்திகை. கனகராயன்குளம் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பம். மழையோ விட்டபாடில்லை. சண்டையால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இடம் தேடுவதுதான் என் வேலை. சைக்கிளில் போகும்போது ஒரு புது வீடு கண்ணில் பட்டது. மண்கல் சுவர், ஓட்டுக் கூரை, கதவில் பூட்டு. றோட்டில் நின்றபடியே "ஆளில்லாத வீடு" என்று கொப்பியில் பதிந்தேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த நிறைமாதக்காரி பிலோமினாவுக்கும் புருசனுக்கும் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

பின்னால் நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் வேலிப் படலைக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா உள்ளே நிற்கிறார்.

"என்ர வீடு வெறும் வீடெண்டு ஆர் தம்பி உமக்குச் சொன்னது?"

"பூட்டிக் கிடந்ததக்கா."

"தையிலதான் பால் காய்ச்சிக் குடிபூரல். அதுவரைக்கும் நானே பக்கத்து மண்வீட்டிலதான் படுக்கிறன். பால் காய்ச்சாத வீட்டில பிள்ளைப்பேறோ?"

பிலோமினா வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உள்ளுக்க இருக்கிறவருக்கு நாள் நட்சத்திரம் தெரியாதக்கா. தை வரைக்கும் பொறுக்கச் சொன்னாக் கேக்கமாட்டார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். ஆனால் படலை திறக்கவில்லை. பிழை என்னுடையது. அதைத் தீர்க்காமல் திரும்புவதில்லை என்று சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

"அக்கா, புது வீட்டை இவைக்குத் தரவேண்டாம். நீங்கள் முந்திக் குடிபூருங்கோ. பழைய மண்வீட்டை இவைக்குத் தாங்கோ."

"பந்தல் இல்லை, பலகாரம் இல்லை, என்ன குடிபூரல்?"

"பால் இருக்கோ?"

"மாடு நிக்குது."

"பிறகென்னக்கா?"

அக்கா உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு வந்தார். "நாளைக்குக் காலமை ஒரு நேரம் இருக்கு. விட்டா மார்கழி பிறந்திடும், பிறகு ஏலாது." படலையைத் திறந்தார். "நனையாமல் விறாந்தைக்கு வா பிள்ளை."

மறுநாள் பால் பொங்கியது. சிலுவை போட்ட வேதக்காரப் பெண் என்பதால் பிலோமினா கூச்சத்தோடு முற்றத்திலேயே நின்றார். "விருந்தாளியெண்டு நீங்கள் ரெண்டுபேர்தான். அங்க நிண்டா ஆர் குடிக்கிறது?" என்று அக்கா கூப்பிட்டார்.

ஐந்தாம் நாள் பழைய வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது. சுடுதண்ணீர் புது வீட்டுக் குசினியிலிருந்து போனது.

அதற்குப் பிறகு படலைக்குள் போகாமல் எந்த வீட்டையும் நான் பதிந்ததில்லை. "வெறும் வீடு இருக்கோ?" என்று கேட்பதையும் விட்டேன். "இந்த வீடு என்னத்துக்குக் காத்துக்கொண்டிருக்குது?" என்று கேட்டேன். பூட்டிய கதவு பல அப்படித்தான் திறந்தது.

பிள்ளை பார்க்கப் போன அன்று அக்கா கேட்டார்: "இப்ப என்ன தம்பி பதியப்போறீர்?"

கொப்பியில் பழைய பதிவை வெட்டிவிட்டு எழுதினேன்: இரண்டு வீடு. இரண்டிலும் ஆள்.