அவள் வைத்துவிட்டுப் போன பாதி

பதினோரு வருடம் நானும் அவளும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ஒரு வேளைகூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததில்லை. வெளியாட்களிடம் இதைச் சொன்னால் விடுகதை போடுகிறேன் என்று நினைப்பார்கள். ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் நர்ஸிடம் சொன்னால் மேற்கொண்டு ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்காது.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை டியூட்டி. இரண்டு படுக்கைகள் என் பொறுப்பு, பக்கத்து இரண்டு அவள் பொறுப்பு. ஒருத்தி சாப்பிடப் போனால் நாலையும் மற்றவள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் போய் வந்தால்தான் நான் போகலாம். 'நீ சாப்பிடு, நான் பாத்துக்கறேன்' என்பதை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்லாமல் அந்த வருடங்களில் ஒரு டியூட்டியும் முடிந்ததில்லை.

ஒரே டப்பா ஆனது என் மறதியால். எங்கள் வீடு வலியசாலை அக்ரஹாரத்தில். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாட்டை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவள், "போ, போய் தின்னு" என்றாள். கொண்டு வரவில்லை என்றேன். "தெரியும். ஒன் பை காலியா சப்பிப் போயில்லா தொங்குது. வச்சிருக்கேன், போ."

உடை மாற்றும் அறையில் அவளுடைய அகலமான எவர்சில்வர் டப்பா இருந்தது. சோற்றின் நடுவே ஸ்பூனால் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி. இந்தப் பக்கம் சோறு, பயறுத் தோரன், உப்பு மாங்காய், எதுவும் கலையாமல் இருந்தது. எங்கள் வீட்டில் எச்சில் என்பது பெரிய சமாசாரம். ஒருவர் சாப்பிட்ட பாத்திரத்தில் இன்னொருவர் கை வைத்தால் அன்றைக்கு முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும். ஒரு நிமிடம் நின்றேன். பிறகு உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவள் டப்பா, ஒரு நாள் என் டப்பா என்று ஆனது. முதலில் போகிறவள் கோடு போட வேண்டும், தன் பக்கத்தை மட்டும் சாப்பிட்டு மூடி வைக்க வேண்டும். அவள் பாறசாலைப் பக்கத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள். அந்தப் பதினோரு வருடமும் அவள் டப்பாவில் ஒரு முள்கூட இருந்ததில்லை. நான் ஒரு தடவை கேட்டதற்கு, "ராத்திரி வீட்டுல போய் தின்னுக்கிடுவேன், ஒனக்கென்ன?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஒருத்தியைப் பற்றி அவள் வைத்துவிட்டுப் போகும் பாதியிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். என் சேனை வறுவலில் மொறுமொறுப்பான துண்டெல்லாம் என் பக்கம் வந்திருந்தால் அவள் சந்தோஷமாக இருக்கிறாள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தால் வீட்டுக்காரரோடு சண்டை. சோறு கூடுதலாக மிஞ்சியிருந்தால் தலைவலி. வார்டில் எங்களுக்குப் பேச நேரம் கிடையாது. பேச வேண்டியதெல்லாம் டப்பாவில் இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் நான் மகா மோசம். நோயாளிக்குள் போகிற ஒவ்வொரு மில்லியையும், வெளியே வருகிற ஒவ்வொரு மில்லியையும் மணிக்கு மணி சார்ட்டில் எழுதுவேன். நான் குடிக்க மாட்டேன். குடித்தால் பாத்ரூமுக்குப் போக வேண்டும், போனால் படுக்கையை யார் பார்ப்பது என்று ஒரு அசட்டு நியாயம் வைத்திருந்தேன். ஒரு தடவை நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு படுத்தேன். அவள் வந்து என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாணமில்லியா ஒனக்கு?" என்றாள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று என் பாட்டிலில் பிளாஸ்டர் ஒட்டி, பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று பேனாவால் கோடு போட்டிருந்தாள். உள்ளே அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர். எங்கள் வீட்டில் சீரக ஜலம்தான். இதில் என்ன ருசி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தேன். "ருசி நோக்காண்டாம், வெள்ளம் குடி. ஒன் கிட்னிக்கு ஆரு சார்ட் எழுதுவா?" அவளேதான் எழுதினாள். போகிறபோதும் வருகிறபோதும் பாட்டிலைப் பார்ப்பாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், "போ, பாத்ரூம் போயிட்டு வா, நான் நிக்கேன்" என்பாள். மற்ற நர்ஸுகள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. நான் தண்ணீர் குடித்தேனா என்று கவலைப்பட இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?

ஒரு வியாழக்கிழமை, என் டப்பா நாள். மோர்க்குழம்பு அவளுக்கு உயிர். அன்று அதைத்தான் வைத்திருந்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு நான் போய்த் திறந்தால், டப்பா கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கோடுகூடப் போடவில்லை. இரண்டு கவளம் எடுத்த பள்ளம் மட்டும் ஒரு மூலையில். அவள் வீட்டில் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து கேட்டேன். அவள் ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். நானும் மறுபக்கம் பிடித்தேன். தலையணையைச் சரி செய்தபடியே, "பரீச்ச பாஸாயிட்டு. வேலையும் ஆச்சு. ரெண்டு மாசத்துல அயர்லாண்டுக்குப் போணும்" என்றாள்.

போவதில் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் போகத்தான் வருகிறார்கள். பிள்ளைகள் வளர்கிறார்கள், அவள் போகாமல் என்ன செய்வாள்? ஆனால் ஒரு வருடமாக இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்திருக்கிறாள், ரயிலில் வரும்போது படித்திருக்கிறாள், என்னிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் நான் அழுவேன் என்று சொல்லவில்லையாம். நான் அழவில்லை. அதற்குப் பதில் இரண்டு நாள் எனக்கு மட்டும் தனியாகச் சின்ன டப்பாவில் சாப்பாடு கொண்டு போனேன். அவள் இரண்டு நாளும் தன் டப்பாவில் கோடு போட்டு எனக்குப் பாதி வைத்தாள். நான் தொடவில்லை. இரவு அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனாள். மூன்றாம் நாள் எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் வைத்த பாதியைச் சாப்பிட்டேன்.

அன்றைக்குத்தான் அவளிடம் கேட்டேன். "நீ போறதுக்குள்ள ஒரு வேளையாவது எதிர்ல உக்காந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"அதுக்கென்ன மக்களே, ஹோட்டலுக்குப் போவோம்" என்றாள். பழவங்காடிப் பக்கம் ஒரு சைவ ஹோட்டலில் என்று முடிவு செய்தோம். முதல் தடவை அவளுக்கு மெடிக்கல் டெஸ்ட் வந்தது. இரண்டாவது தடவை என் மாமியாருக்குக் காய்ச்சல். மூன்றாவது லீவு நாளில் அவள் சாமான் கட்ட வேண்டியிருந்தது. எஞ்சியது அவளுடைய கடைசி டியூட்டி நாள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அன்று மதியம் அரை மணி நேரத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பதிலாக ஒரு பெண்ணை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

அன்று விடியற்காலையில் எழுந்து சமைத்தேன். மோர்க்குழம்பு, சேனை வறுவல், புளியிஞ்சி, ஒரு சின்ன பிளாஸ்க்கில் சேமியாப் பாயசம். அரை மணி நேரத்தில் என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். கல்யாணத்துக்குப் போகிறவள் போலத் தலையில் பூ வேறு. வார்டுக்குள் போகும் முன் அதை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

ஒன்றே முக்காலுக்கு அந்தப் பெண் வந்தாள். நாங்கள் போய் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவள் வழக்கப்படி கோடு போட்டாள். ஒரே டப்பாவில் இரண்டு பக்கத்திலிருந்தும் சாப்பிட ஆரம்பித்தோம். "எடீ, நீ இப்பிடியா சோறு திங்குவ? கோழி கொத்துகது மாதிரி" என்றாள். சிரித்தேன். அவள் சோற்றை உருட்டாமல் விரல் நுனியில் அள்ளுவாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன். என் கை அதன்பாட்டுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வார்டில் ஏதோ ஒரு மானிட்டர் கூவியது.

என் பக்கம் தீர்ந்தது. எழுந்தேன். கையைக் கழுவினேன். "நீ சாப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டேன்.

டிரிப்பில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண், "எந்தா சேச்சி, கழிச்சு தீர்ந்நோ?" என்று கேட்டாள். சாப்பிட்டு முடித்தாயிற்றா என்கிறாள். பழக்கத்தில் எழுந்து வந்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி ஓட வேண்டியதுதான். அதற்குள் என் நோயாளிக்குத் தொண்டையில் சளி கட்டி மூச்சு இரைத்தது. அந்தப் பெண் அடுத்த படுக்கையில் கையுறையோடு நின்றாள். நான்தான் சக்ஷன் குழாய் போட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தேன். அவர் நன்றாக மூச்சு விடுகிற வரைக்கும் நின்றேன். அதை விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

நான் போனபோது அவள் டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். பாயசம் திறக்காமல் இருந்தது. "கூப்பிட்டேன், நீ கேக்கல்ல" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போட்டு, விடு மக்களே. ஒன் எடத்துல நானா இருந்தாலும் அப்பிடித்தான் எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்று என் தோளைத் தட்டினாள். மணி இரண்டேகால் ஆகியிருந்தது. பாயசத்தை ரயிலில் குடிக்கிறேன் என்று பையில் வைத்துக்கொண்டாள். அன்று என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அவள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது என் பக்கத்தில் வேலை பார்க்கும் பெண் நல்லவள். ஆப்பில் பிரியாணி வரவழைத்துச் சாப்பிடுகிறாள். எனக்கும் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்கிறாள். அவளிடம் என்ன குற்றம் சொல்ல முடியும்? தண்ணீர் குடிக்கிறேன், பாட்டிலில் பிளாஸ்டர் கிழிந்தால் நானே மாற்றி ஒட்டுகிறேன். சாப்பாட்டைத்தான் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. மிச்சத்தைப் பார்த்து மாமியார், "உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் இல்லாதது கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் என் லீவு நாளில், சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். யூனிஃபார்மில் இருந்தாள், கொஞ்சம் வெளுத்திருந்தாள். நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

"இங்க பிரேக்குக்குப் போவாம இருந்தா ஏசுவாங்க கேட்டியா. முழுசா அரை மணிக்கூர். நம்ம பெட்டுகள ஆரோ பாத்துக்கிடுவாங்க" என்றாள்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். எனக்கு ஏழு நிமிஷத்துல தின்னு தீந்துரும். பாக்கி இருபத்திமூணு நிமிஷம் சும்ம இருக்கணும்."

"என்ன பண்ணுவே?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை மேஜை, ஒரு சாண்ட்விச் காகிதம், மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. "இந்தக் கசேரிய நோக்கிட்டு இருப்பேன்" என்றாள்.

கை நீட்டி அடுப்பை அணைத்தேன். "போனை அங்க வை. இன்னிக்கு நான் எழுந்து போகமாட்டேன்" என்றேன். அவள் எழுந்து போய், போனை அந்த நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.