யசோதா நிரப்பாத கோடு

ஜோகுபாளையத்து யசோதாவும் நானும் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைத்தோம். 2001இல் அங்கே ரிசப்ஷனுக்கு ஆள் தேடினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. யசோதாவுக்கு முட்டி வீக்கம். இப்படியே குனிந்து துடைத்தால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கிலீஷில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும், ஒன்றுகூடத் தப்பக் கூடாது. அதுதான் பரீட்சை.

கம்பெனி பஸ்ஸில் நான்தான் அவளைக் கேள்வி கேட்பேன். கேத்தரின் என்று இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்டு நான் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"வீட்டுல, பஸ்ஸுல, திங்கக்கிழமைல. நமக்கு எல்லாத்துக்கும் ஒரே 'ல'தானேடி. இவங்களுக்கு எதுக்கு இன், ஆன், அட்டுன்னு மூணு?" என்பாள்.

"அத லண்டன்ல போய்க் கேளு. இப்ப பதில சொல்லு."

சரியாகச் சொல்லிவிடுவாள்.

பரீட்சைத் தாளை மேனேஜர் சேஷகிரி அவள் எதிரிலேயே திருத்தினார். நான் கண்ணாடி துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் சரி. கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. 'பஸ் வந்துவிட்டது. குட்பை, ஐ ஆம் ______.' யசோதா பென்சிலால் 'கமிங்' என்று எழுதியிருந்தாள்.

"ஏனம்மா, போறவங்க கமிங் சொல்லுவாங்களா? கோயிங்மா. அழிச்சிட்டு எழுது, பரவாயில்ல." நல்ல மனுஷன். ரப்பரும் கொடுத்தார்.

அழித்தாள். பென்சிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ காலிக் கோட்டோடு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாரி சார்" என்று எழுந்தாள். வேலை அடுத்து எழுதிய மமதாவுக்குப் போனது.

அன்று சாயங்காலம் சேஷகிரி பையை எடுத்துக்கொண்டு, "பர்த்தீனிம்மா" என்றார். கன்னடத்தில் வருகிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். "அதான் கோயிங்னு வாயாலயே சொல்லிட்டாரேடி! எழுதினா கை வெந்துடுமா?"

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரர் பீன்யா ஃபேக்டரிக்குக் கெளம்பும்போது தெனமும் வரேன்னுதான் சொல்லுவாரு. ஒரு நாள் சண்டை. போறேன்டின்னுட்டுப் போனாரு. மெஷின்ல மாட்டிக்கிட்டாரு. திரும்பவேயில்ல. கோயிங்தான்னு எனக்கும் தெரியும் கேத்தரின். கை வரல."

கே.ஆர். புரத்தில் என் ஸ்டாப் வந்தது. தினமும் "போறேன்டி" என்று கத்திவிட்டுக் குதிக்கிறவள் நான். அன்று படியில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

"வரேன்டி."

"போயிட்டு வா" என்றாள்.