கலிப்சோவுக்கான பதினொரு நோட்டுகள்

2007 மார்ச் 14, புதன்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். 6.22க்கு மியூனிக்கின் யு6 சுரங்க ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. 7.05க்கு ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் இருந்த கணினி அறையைத் திறந்தேன். வெளியே 4 டிகிரி, அறைக்குள் 21. கலிப்சோ ஓடிக்கொண்டிருந்தாள். இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது.

கலிப்சோ ஒரு கணினி. இயந்திரங்களுக்குக் கிரேக்கக் கடல் தேவதைகளின் பெயர்களை வைப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வழக்கம். ஓய்வுபெற்றுப் போன ஒரு பேராசிரியர் தொடங்கி வைத்தது. மற்ற தேவதைகள் எல்லாம் பழுதாகிக் கழிக்கப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியவள் இவள் ஒருத்திதான். மாடியில் இருந்த அளவுக்கருவி அனுப்பும் பதிவுகளை இரவும் பகலும் வாங்கிச் சேமிக்க வேண்டும். பழைய இயந்திரம், உதிரிபாகம் கிடைக்காது. நின்றுவிட்டால், முப்பத்திரண்டு படிகளை வரிசை மாறாமல் செய்தால்தான் திரும்ப எழுந்திருப்பாள். அந்த வரிசை எனக்கு மட்டுமே தெரியும்.

வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பெயர் யாருடையது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன். கப்பல் உடைந்து தன் தீவில் கரையேறிய மாலுமியை ஏழு ஆண்டுகள் போகவிடாமல் வைத்திருந்தவள். அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. நல்ல சாப்பாடு போட்டாள். சாவே வராமல் செய்கிறேன் என்றாள். அவன் பகலெல்லாம் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுதான். பிற்பாடு அவள் பெயரை ஓர் ஆர்க்கிட் பூவுக்கு வைத்தார்கள், கப்பல்களுக்கு வைத்தார்கள். கப்பலுக்குப் போய் அந்தப் பெயரை வைக்க எப்படி மனம் வந்ததோ. சனிக் கோளின் மிகச் சிறிய நிலவு ஒன்றுக்கும் அதே பெயர்தான். அதற்குச் சொந்தப் பாதை கிடையாது. பெரிய நிலவொன்றின் பாதையிலேயே, அதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும். இதைப் படித்த அன்று மியூனிக்கில் எனக்கு இரண்டாவது மாதம். மேலே சொன்ன புதன்கிழமை, ஏழாவது ஆண்டு.

திருச்சியில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை மார்ச் 26 என்று முடிவாகியிருந்தது. எனக்காக இருமுறை தள்ளிவைத்தாகிவிட்டது. இனி தள்ள முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். துறைத் தலைவரிடம் விடுமுறை கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "தாராளமாகப் போங்கள். அதற்குமுன் கலிப்சோவை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஏப்ரல் முடியும்வரை பதிவு நிற்கக் கூடாது" என்றார்.

ஒப்படைப்பதில்தான் சிக்கல். ஏழு ஆண்டுகளாகக் கலிப்சோவுக்கு நேர்ந்த ஒவ்வொன்றையும் நான் எழுதி வைத்திருந்தேன். பதினொரு நோட்டு, பக்க எண், பொருளடக்கம், சிவப்பு மையில் எச்சரிக்கைகள். எல்லாம் தமிழில். எழுதும்போது அது தவறாகவே தோன்றவில்லை, நாட்குறிப்பு எழுதும் கை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டது. அவற்றை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்து பதினெட்டு நாளில் முதல் நோட்டின் பத்தொன்பதாம் பக்கத்தைத்தான் எட்டியிருந்தேன்.

பொறுப்பை ஏற்க வேண்டிய ஜெர்மன் பொறியாளர் என் பக்கத்து மேசைக்காரர், என்னைவிட மூன்று வயது இளையவர். அன்று காலை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "தாழ்வாரம் துடைக்கும் அம்மா உங்கள் மொழிதானே?" என்றார்.

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, சில காலம் டோர்ட்மண்டில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவருடைய ஜெர்மனுக்கு முன்னால் என் ஜெர்மன் வாய் திறக்காது.

நான் கேட்டுக்கொண்டபடி, பத்து மணிக்கு வேலை முடிந்ததும் அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மெஷின் விஷயம் மட்டும் படிங்க அக்கா. நடுவுல வேற ஏதாவது இருந்தா விட்டுடுங்க."

"ஓம் ஓம். உங்கடை வீட்டுக் கதை இந்த மனுசனுக்கு என்னத்துக்கு?"

அக்கா தமிழில் வாசித்து ஜெர்மனில் சொன்னார். பொறியாளர் எழுதிக்கொண்டார். எந்தப் பாகம் என்று அக்காவுக்குத் தெரியாத இடத்தில் என்னிடம் கேட்டார், நான் தொட்டுக் காட்டினேன். பன்னிரண்டு மணிக்குள் முப்பத்திரண்டு படிகளும் பொறியாளரின் காகிதத்துக்குப் போய்விட்டன. ஏழு ஆண்டுகளாக நான் மட்டுமே அறிந்தது மூன்று பக்கத்தில் அடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் இருக்கிறது, விதிவிலக்குகள் இருக்கின்றன, ஒன்பதாவது நோட்டைப் பாருங்கள் என்றேன்.

அக்கா ஒன்பதாவது நோட்டை எடுத்தார். சில பக்கங்கள் தாண்டியதும் ஜெர்மனில் சொல்வதை நிறுத்திவிட்டுத் தனக்குள் வாசித்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார். எட்டாவது நோட்டையும் கேட்டு வாங்கினார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது."

"கேளுங்க."

"இஞ்சை பாருங்கோ. 'வெப்பநிலை சற்று அதிகம். பயணத்தை ஒத்திவைத்தேன்.' அடுத்த நாள், 'வெப்பநிலை சரி.' பிறகு ஆறு மாசம் கழிச்சு, 'விசிறியில் சத்தம். பயணத்தை ஒத்திவைத்தேன்.' அடுத்த நாள், 'சத்தம் இல்லை.' எட்டாவதிலையும் இப்பிடி ரெண்டு தரம் கிடக்கு. உங்களுக்கு உர்லாப், லீவு எண்டால்தான் இதுக்கு வருத்தம் காய்ச்சல் வருமோ?"

"முன்னெச்சரிக்கைக்காக எழுதினது அக்கா."

"இது ஒரு நாளாவது உண்மையா நிண்டதோ?"

"நாலு தடவை. எல்லாம் நான் இங்க இருக்கும்போது."

"அப்ப இது உங்களைப் பிடிச்சு வைக்கேல்லை. நீங்கள்தான் இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

அக்கா என்ன சொல்கிறார் என்று பொறியாளர் கேட்டார். விசிறியைப் பற்றி என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அக்கா பக்கத்தைத் திருப்பினார்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விசிறிகளின் இரைச்சலில் வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. வீட்டிலிருந்து போன் வந்தால்கூட அங்கே சிக்னல் இருக்காது. அறைக்குள் போனதும் தோள்கள் தளர்வதை நான் பல முறை கவனித்திருக்கிறேன், எழுதியதில்லை. வேலை என்னை விடவில்லை என்று மனைவியிடம் சொன்ன நான்கு முறையும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. முன்பு மூன்று வாரம் ஊரில் இருந்தபோது எனக்கென்று அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போயிருந்தது. சிலிண்டர் புக் செய்வதுகூட எனக்குத் தெரியவில்லை. விருந்தாளிபோல உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இங்கே நான் போனால் ஒரு இயந்திரம் நின்றுவிடும் என்றாவது இருந்தது.

இரண்டரை மணிக்குப் பொறியாளர் கலிப்சோவை நிறுத்தித் தானே தொடங்கிப் பார்க்க விரும்பினார். மாடியில் கருவியைச் சரிபார்க்கும் இடைவேளை அது, பதிவுக்கு இழப்பில்லை. நான் பின்னால் நின்றேன். பதினேழாம் படியில் அவர் சற்று யோசித்தபோது என் கை நீண்டது. அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து, "விடுங்கோ அண்ணை" என்றார். பொறியாளர் காகிதத்தைப் பார்த்துச் சரியாகவே செய்தார். பத்தொன்பது நிமிடம். நான் பதினான்கில் முடிப்பேன். 2.51க்குக் கலிப்சோ எழுந்து முதல் பதிவை வாங்கினாள்.

அன்று மாலை நாட்குறிப்பில் இந்த நேரங்களைக் குறித்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, எழுந்ததும் முதலில் வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே மணி பத்து பத்து. மனைவி எடுத்தாள்.

"வர்ற சனி இல்ல, அடுத்த சனிக்கிழமை வர்றேன்" என்றேன்.



"டிக்கெட் போட்டாச்சா, இனிமேதானா?"

"இனிமேதான்."

"போட்டுட்டுப் பேசுங்க" என்று வைத்துவிட்டாள்.