ராகுகாலத்தில் நின்ற சர்வர்

நாள்காட்டித் தாளைக் கிழித்து, நல்ல நேரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, குமாரசாமி லினக்ஸ் சர்வரின் நெற்றியில் குங்குமம் வைப்பார். பிறகுதான் அப்டேட். இயந்திரம் ஏதேதோ கேட்கும். ஒரு வரி படிக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் 'ஒய்' பட்டன்தான் பதில். "அது கேக்கறதக் கேக்கட்டும், நாம ஆமான்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுதுங்க!"

அருள்புரத்துப் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் சிஸ்டம் இன்சார்ஜ் இவர். எந்த அப்டேட்டையும் முதலில் போட்டுப் பார்க்கவென்றே முதலாளி ஒரு டிரையல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து ஒன்றரை வருஷமாகிறது. பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. அதன் தலையில் குமாரசாமியின் சாப்பாட்டுக் கேரியர் குடியிருக்கிறது. அப்டேட்டுக்கு அவர் பிடித்த நாளோ வெள்ளிக்கிழமை, மங்களமாம். வெள்ளிக்கிழமைதான் லாரி நாள் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

போன வெள்ளியும் அப்படித்தான். பத்து மணிக்கு சர்வர் எழுந்தது. பேக்கிங் புரோகிராம் எழவில்லை. முந்நூறு பெட்டிக்கு ஸ்டிக்கர் அடித்தாக வேண்டும்; மூன்று மணிக்குத் தூத்துக்குடி லாரி. பேக்கிங் இன்சார்ஜ் வேலாத்தாள் கடிகாரத்தைப் பார்த்தாள். போன மாதம் லாரி தவறியபோது முதலாளி சிஸ்டம் ரூம் பக்கம் திரும்பவே இல்லை. பேக்கிங்கில் இரண்டு பேரை வேலையைவிட்டு நிறுத்தினார். அடுத்தது தன் தலைதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஓடிவந்து பார்த்தால், மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பழையதத் திருப்பிப் போட்டாச் சரியாயிருமுங்க. ஆனா மணி பத்தரை ஆச்சு, ராகுகாலம் பொறந்துருச்சு. பன்னெண்டுக்கு மேலதான் கை வெக்கோணும்."

"ஏனுங்க சார், கெடுக்கறதுக்குத்தான் நல்ல நேரம் பாத்தீங்க, சரி பண்ணறதுக்குமா பாக்கோணும்?"

"எல்லாம் நேரங்காலந்தானுங்க அம்மிணி. ஒரு டீ சாப்புடுங்க."

டீயாம் டீ! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒன்றரை மணி நேரம் அந்த ஆள் அசையவில்லை. வேலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பன்னிரண்டு அடித்த பிறகே பழைய சி.டி.யைத் தேடி எடுத்தார். ஸ்டிக்கர் ஓட ஆரம்பித்தபோது மணி இரண்டு. அவளும் எட்டுப் பெண்களும் சோறு தின்னாமல், நகம் பிய்ய ஒட்டித் தீர்த்தார்கள். லாரி மூன்று மணிக்குக் கேட்டைத் தாண்டியது.

முதலாளி சிஸ்டம் ரூமுக்கு வந்தார்; வேலாத்தாளும் பின்னாலேயே வந்தாள். "நல்லவேளை, குமாரசாமி காப்பாத்திப்போட்டாரு," என்றார்.

வேலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"கெடுத்ததே அவருதானுங்க! லேப் டிப் ஓகே ஆகாம ஒரு கிலோ துணியச் சாயத்துல போட உடுவீங்களா? அத்துணூண்டுத் துணிய முக்கி, கலர் சரியான்னு பாத்துட்டுத்தான மொத்தத்தையும் போடறோம்? இவரு மட்டும் எடுத்தவொடனே மொத்தத்தையும் முக்கறாருங்க. நீங்க வாங்கிக் குடுத்த டிரையல் மிசினு சோத்துக் கேரியரச் சொமந்துட்டு நிக்குது!"

முதலாளி உறையைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். "இனி இதுல போட்டுப் பாக்காம சர்வர்ல கை வெக்கப்படாது. இப்பவே இத ஓட்டுங்க."

"ஆகட்டுங்க முதலாளி."

முதலாளி படியிறங்கியதும் குமாரசாமி கேரியரைக் கீழே வைத்தார். உறையைப் பாதி தூக்கினார். வேலாத்தாள் தன் கண்ணையே நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வை சுவரிலிருந்த நாள்காட்டிக்குப் போயிற்று. மணி மூன்றேகால், எமகண்டம். உறையை இழுத்து மூடி, ஓரத்தைச் செருகிவிட்டு, கேரியரை எடுத்து மறுபடி அதன் தலையில் வைத்தார்.